ஒரு பக்கம் மட்டும் சிவப்புத் துணி

சதுப்புநிலக் காப்பகத்தின் மரப்பாதையில் உளுத்த பலகைகளை மாற்றுவது அவர் வேலை. எல்லோருக்கும் பலகை அண்ணன். மனைவி வாசலில் டிக்கெட் கொடுக்கிறார்.

பலகையைப் பெயர்த்தால் பள்ளத்துக்கு முன்னால் சிவப்புத் துணி கட்டுவார். ஒரு பக்கம் மட்டும். பாதை ஒருவழி, பார்வையாளர்கள் எதிர்த்திசையில் வரமாட்டார்கள். ஊழியர்கள்தான் சுற்ற அலுத்துக்கொண்டு வெளியேறும் வழியாக உள்ளே நுழைவார்கள். அவரும் அப்படித்தான். துணி கட்டும்போது மட்டும் அது நினைவுக்கு வருவதில்லை.

அன்று காலை கடும் மூடுபனி. சில பலகைகளைப் பெயர்த்துவிட்டு, புதியவை எடுக்க, துணி கட்டிய முன்பக்கமாகவே வாசல் கொட்டகைக்குத் திரும்பினார். காவலாளி சிரித்தார்.

"என்னண்ணே, சாப்பாட்ட மறந்துட்டு வந்துட்டீங்களாமே? அண்ணி திட்டிக்கிட்டே எடுத்துட்டுப் போனாங்க, பாக்கலையா?"

"எந்தப் பக்கமா?"

"பின்பக்கமாத்தான். எதுக்குச் சுத்தணும்?"

பலகை அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது: அந்தப் பக்கம் துணி இல்லை. பின்வழியாக ஓடினார்.

"இந்தா! எங்க இருக்க? அப்படியே நில்லு!"

கத்திக்கொண்டே ஓடினார். பனியில் தன் கால்கூடச் சரியாகத் தெரியவில்லை. திடீரென்று காலில் ஏதோ இடறிக் கணகணவென்று உருண்டது. சாப்பாட்டு டப்பா. அதற்கு அப்பால் பலகை இல்லை. இன்னும் ஓரடி வைத்திருந்தால் அவரும் உள்ளேதான்.

"கத்தாதீங்க."

குரல் கீழேயிருந்து வந்தது. மார்பளவு சேற்றில், தூணைக் கட்டிப்பிடித்தபடி மனைவி. கண்ணால் நாணல் பக்கம் காட்டினார். நீர்மட்டத்தில் இரண்டு கண்கள். முதலை.

குப்புறப் படுத்து, மனைவியின் இரு கைகளையும் பிடித்து இழுத்தார். சேறு விடவில்லை. மறுபடி இழுத்தார். கண்கள் கொஞ்சம் கிட்டே வந்திருந்தன. மூன்றாவது முறை, செருப்புகளை வாங்கிக்கொண்டு சேறு ஆளை விட்டது.

"புதுச் செருப்பு," என்றார் மனைவி.

"செருப்பு கெடக்குது. எந்திரி, போலாம்."

"மொதல்ல இந்தப் பக்கமும் துணி கட்டுங்க. காவக்காரத் தம்பி டீ எடுத்துக்கிட்டு வரும். அதுவும் இப்படித்தான் வரும்."

துணி இல்லை. சட்டையைக் கழற்றினார். அவசரத்தில் முடிச்சு விழவே இல்லை.

"தள்ளுங்க. கட்டுறாரு பாரு!" மனைவி பிடுங்கிக் குறுக்கே இறுக்கிக் கட்டினார்.

பிறகுதான் இருவரும் தண்ணீரைப் பார்த்தார்கள். அந்தக் கண்களைக் காணோம். மனைவியின் சேற்றுக் கையை அவர் பிடித்துக்கொள்ள, இருவரும் பலகையின் நட்டநடுவிலேயே, ஓரம் மிதிக்காமல் நடந்தார்கள்.