வெளியே பார்த்த பலகை

அஞ்சம்மாளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பழவேற்காட்டு ஏரியில் கையால் தடவி இறால் பிடித்து, கூடையில் சுமந்து விற்றவள். சண்டையில் விடாக்கண்டி. மாரியாத்தாள் மேல் மட்டும் உயிரையே வைத்திருந்தாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பிற்பாடு அவளைத்தான் சாமி பயம் இல்லாதவள் என்று ஊர் பேசியது.

அறுபத்தாறாம் வருஷத்துப் புயலில் எங்கள் குப்பத்து அரசாங்கப் பள்ளிக்கூடத்தின் கூரை போனது. ஆறே மாதம் என்று சொல்லி வகுப்பை மாரியாத்தாள் கோயில் மண்டபத்துக்கு மாற்றினார்கள். மூன்று வருஷம் ஓடிவிட்டது. பையன்களுக்கு ஒரு குறையும் இல்லை. வயதுக்கு வந்த பெண்கள்தான், வீட்டுக்குத் தூரமான நாட்களில் கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாது. அப்படியானால் பள்ளிக்கூடமும் கிடையாது. மாதம் ஐந்து நாள் போனால் கணக்கு எங்கே புரியும்? ஒவ்வொருத்தியாக நின்றோம். நானும் நின்றேன். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அஞ்சம்மாளின் மகள் எல்லம்மா எட்டாவது படிக்கும்போது வயதுக்கு வந்தாள். ஹெட்மாஸ்டர் வீரராகவன் திருவள்ளூர்க்காரர். நல்ல மனுஷர்தான், ஆனால் வம்பு என்றால் ஒதுங்கிவிடுவார். "பொண்ணை நிறுத்திடும்மா" என்றார்.

அடுத்த மாதம் மகள் தூரமான இரண்டாம் நாள், அவளோடும் கருவாடு காயவைக்கும் பாயோடும் வந்து நின்றாள் அஞ்சம்மாள். மண்டபத்துக்கு வெளியே மணலில் பாயை விரித்து எல்லம்மாவை உட்காரவைத்தாள்.

"வாத்தியாரே, போர்டை இந்தப் பக்கம் திருப்பு."

"பெரியதனத்தைக் கேக்கணும்மா" என்றார் அவர்.

ஊர்ப் பெரியதனம் நாகமுத்து கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தார். நேரே அவரிடம் போனாள்.

"தீட்டோட கோயிலுக்குள்ள வரக் கூடாது, தெரியுமில்ல?" என்றார் அவர்.

"யாரு மாமா உள்ள வர்றது? ஆத்தா ஊட்டுக்குள்ள எம் பொண்ணு காலு வெக்காது. போர்டு வெளிய பாத்துக்கினு இருந்தா ஆத்தாளுக்கு இன்னா பேஜாரு?"

"திருப்பிக்கச் சொல்லு" என்று நாகமுத்து மறுபடி வலையை எடுத்தார். பலகை திரும்பியது.

ஐந்து நாள் கழிந்ததும் அதை மறுபடி உள்பக்கம் திருப்பப் பார்த்தார்கள். "அடுத்த மாசமும் வருமில்ல?" என்று அஞ்சம்மாள் தடுத்துவிட்டாள். அந்த வாரமே நான் போய்ப் பாயில் உட்கார்ந்தேன். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பலகையின் முதுகைப் பார்த்துச் சலித்த பையன்களும் இறங்கி வந்தார்கள். கடைசியில் ஹெட்மாஸ்டரும் சாக்பீஸோடு மணலுக்கு வந்துவிட்டார். மண்டபத்தில் ஆத்தாள் மட்டும் நிம்மதியாக இருந்தாள்.

பிள்ளைகள் வெயிலில் காய்கிறார்களே என்று ஊர் புலம்பியது. "அப்போ கூரை போடுங்க" என்றாள் அஞ்சம்மாள். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், தலைக்கூடையை இறக்காமல், தினமும் இதையே சொன்னாள். தை பிறப்பதற்குள் பழைய பள்ளிக்கூடத்துக்கு ஓடு ஏறியது.

எல்லம்மா கும்மிடிப்பூண்டிக்குப் போய்ப் பரீட்சை எழுதி எட்டாவது தேறினாள். சர்டிபிகேட் வந்த அன்று அதை ஆத்தாள் காலடியில் வைக்கக் கிளம்பினார்கள். நானும் கூடப் போனேன். எல்லம்மா படியோடு நின்றுவிட்டாள். அன்றைக்கு அவளுக்கு மூன்றாம் நாள்.

"நீ இங்கியே இரு" என்று அவள் கையிலிருந்த சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு படியேறினாள் அஞ்சம்மாள். "இதுக்குத் தீட்டு இல்ல."