பொழுதோடு மூடிய கடை

எங்கள் மூத்த அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அண்ணனிடம் மளிகை வாங்கியவர்கள். சிலர் அண்ணனைப் பற்றி ஊரில் பேசியவர்கள். இரு சாராருக்குமாக, நான் கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்தே எழுதுகிறேன்.

அனந்தபுரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் எங்கள் பெற்றோருக்குத் தலைப்பிள்ளையாக அண்ணன் பிறந்தார். நைனாவுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. கூடவே மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் வாங்கி விற்றார். நைனா காலமானபோது அண்ணனுக்கு மீசை சரியாக அரும்பவில்லை. படிப்பை விட்டுவிட்டுச் செஞ்சிக்கு வந்து, கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னாளில் அதே தெருவில் சொந்தக் கடை வைத்தார். தங்கை திருமணமும் என் படிப்பும் அந்தக் கடை வருமானத்தில்தான் நடந்தன. எனக்கு அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தபோது அண்ணன் சொன்னது ஒன்றே ஒன்று: "பொழுதோட வூட்டுக்கு வந்துடு."

அது அறிவுரை அன்று. எங்கள் வீட்டு முறை. நாங்கள் சமணர்கள்; ஊரார் எங்களை நைனார் என்பார்கள். சூரியன் மறைந்தபின் உண்பதில்லை. எங்களில் பலர் அந்த அளவோடு நிறுத்திக்கொள்வோம். அண்ணன் அதைக் கடைக்கும் நீட்டித்தார். இருட்டியபின் கடையில் விளக்கு வைத்தால் பூச்சி வரும், திறந்திருக்கும் எண்ணெய் டின்னிலும் வெல்லத்திலும் விழுந்து சாகும், அந்தச் சாவு கடைக்காரனைச் சேரும் என்பது அவர் எண்ணம். ஆகவே வெயில் மங்கும்போதே கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக வைத்து மூடிவிடுவார். செஞ்சியில் சூரியன் கோட்டை மலைக்குப் பின்னால் இறங்குவதால், மற்ற ஊர்களைவிடச் சற்று முன்னதாகவே எங்கள் கடைத்தெருவில் நிழல் விழுந்துவிடும். "பொழுது இன்னும் வுழுல நைனாரே, மலதான் மறைக்குது" என்று வாடிக்கையாளர்கள் வாதாடியதை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். அண்ணன் மேற்கே ஒரு முறை பார்த்துவிட்டு, அடுத்த பலகையை எடுப்பார்.

ஊர் முழுவதும் பயிர்த் தொழில் செய்தவரை அதில் யாருக்கும் குறை இருக்கவில்லை. பின்பு காலம் மாறியது. ஒன்றிய அலுவலகம் வந்தது, சுற்றூர்களில் பள்ளிகள் வந்தன, கடைத்தெருவுக்குக் கரண்ட் வந்தது. காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்புகிறவர்கள் ஊரில் பெருகினார்கள். பனமலைப் பக்கத்துப் பள்ளிக்குப் போய்வந்த வாத்தியார் ஒருவர் ஒரு நாள் நேராகவே கேட்டார்.

"நைனாரே, நீங்க கட தொறந்து வெச்சிருக்கிற நேரத்துல சம்பளம் வாங்கறவன் ஒருத்தனும் ஊர்லயே இல்ல. யாருக்குத்தான் இந்தக் கட?"

"ஒங்கள யாரு சார் கேக்கச் சொன்னது?" என்றார் அண்ணன்.

"என் சம்சாரம். ரெண்டு நாளா வூட்டுல புளி இல்ல."

அண்ணன் எதையும் எளிதில் நம்புகிறவர் அல்லர். மிளகாய் மூட்டை வந்தால் அடியில் கைவிட்டு முகர்ந்து பார்ப்பார். வாத்தியாரை எதிர்க்கடைக்காரர்தான் ஏவிவிட்டிருப்பார் என்று அவருக்குச் சந்தேகம். எதிர்க்கடையில் அப்போதுதான் புதிதாக டியூப் லைட் போட்டிருந்தார்கள். நான் அண்ணன் கடைத் திண்டில் உட்கார்ந்து, உத்தியோகஸ்தர்கள் படும் பாட்டை எடுத்துச் சொன்னேன். அலுவலகம் விட்டு வரும் எனக்கே எங்கள் கடையில் பொருள் வாங்க முடிவதில்லை என்றேன். "நீயும் அவுங்க கட்சியா?" என்று கேட்டார்.

ஆனால் சில நாளில் ஒரு வழி செய்தார். காலையில் பஸ்ஸுக்குப் போகும்போதே அவரவர் துணிப்பையைக் கொடுத்து, வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போகலாம். பகல் வெளிச்சத்தில் நிறுத்துக் கட்டிப் பையை உத்திரத்து ஆணியில் மாட்டிவிடுவார். பொழுது சாய்ந்தபின் ஒரு பலகையை மட்டும் நீக்கி, விளக்கில்லாமலே உள்ளிருந்து பையை எடுத்து நீட்டுவார். இருட்டில் பையின் காதைத் தடவிப் பார்த்தே யாருடையது என்று சொல்வார். வாத்தியார் பையில் ஒட்டுத் தையல், மின்வாரிய லைன்மேன் பையில் கயிற்றுக் காது. ஒரு பைகூட மாறியதாக நான் அறியேன்.

எங்களுக்கு இது நேர்மையான ஏற்பாடாகத்தான் பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று யாரும் யோசிக்கவில்லை. அது அரிசிக்குத் திண்டாட்டமான காலம். மழை பொய்த்து, ரேஷன் கடையில் வரிசை தெருமுனை வரை நின்றது. பதுக்கல் என்ற சொல் எல்லார் வாயிலும் இருந்தது. அப்படிப்பட்ட நாளில் மூடிய கடையிலிருந்து இருட்டில் ஒரு கை வெளியே வருகிறது. ஒரு பை கைமாறுகிறது. விளக்கு மட்டும் இல்லை. "நைனாரு பகல்ல புளி விக்கறாரு, இருட்டுல இன்னா விக்கறாரு?" என்று டீக்கடையில் பேசிக்கொண்டதாக லைன்மேன் வந்து சொன்னார். இதை நான் கேட்கவில்லை. அவர் சொன்னதை எழுதுகிறேன்.

யாரோ புகார் சொல்லிவிட்டார்கள். யார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருவர் மேல் சந்தேகம் உண்டு. அவருக்கும் இந்த மலர் அனுப்பப்பட்டிருக்கிறது.

ஒரு மாலை, பலகை நீக்கும் நேரத்தில் வழங்கல் இலாகா அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். நானும் அப்போது பை வாங்க நின்றிருந்தேன். அவர் டார்ச்சை உள்ளே அடித்தார்.

"டார்ச்ச அணைங்க சார், பூச்சி வருது" என்றார் அண்ணன்.

"பூச்சி வருதா? எந்த மூட்ட வருது, எந்த மூட்ட போவுதுன்னு பாக்கத்தான்யா வந்திருக்கேன். எல்லாத்தையும் கீழ எறக்கு."

பைகள் தெருவில் இறக்கப்பட்டன. கூட்டம் கூடிவிட்டது. வாத்தியார் தம் பையை அடையாளம் காட்டினார். அதில் துவரம் பருப்பும் புளியும் இருந்தன. லைன்மேன் பையில் மிளகாயும் மல்லியும் இருந்தன. என் பையையும் கொட்டிப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பை மிஞ்சியது. அதில் அரிசி இருந்தது.

"இது யாருது?"

அண்ணன் குனிந்து அந்தப் பையின் வாயை இறுக்கிக் கட்டினார்.

"ஒன்னுதா?"

"இல்ல சார்."

"அப்ப யாருது, சொல்லு."

"சொல்ல மாட்டேன் சார்."

பொய் சொல்வது அவருக்கு ஆகாது. உண்மையைச் சொன்னால் இன்னொருவருக்குத் தொல்லை. ஆகவே வாயை மூடிக்கொண்டார். ஆனால் கூட்டத்துக்கு அதுவே போதுமாக இருந்தது. "நெனச்சேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதிகாரி கடைக்குப் பூட்டுப் போடச் சொல்லிவிட்டு ஜீப்பை நோக்கித் திரும்பினார். அத்தனை வருட உழைப்பில் அண்ணன் சேர்த்திருந்த நல்ல பெயர் அந்த ஒரு பையோடு தெருவில் கிடந்தது.

அப்போது நாற்று நடவு முடிந்து வந்துகொண்டிருந்த கூலிப்பெண் சின்னப்பொண்ணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கணவரை இழந்தவர். முழங்கால் வரை சேறு. நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

"எம் பையி ஏன் கீழ கெடக்குது?" என்றார்.

"ஒனக்கு ஏதும்மா இவ்ளோ அரிசி?" என்று அதிகாரி கேட்டார்.

"ரேஷன் அரிசி சார். ரேஷன் கட தொறக்குற நேரத்துல நான் கழனியில நிக்கறேன். நான் கழனி வுட்டு வந்தா அது மூடிக்கினு கெடக்குது. நைனாருதான் என் கார்ட எடுத்துக்கினு போயி வரிசையில நின்னு வாங்கி வெக்கறாரு. அவுரு நிக்கலன்னா எனக்காவ நீ வந்து நிப்பியா?"

கூட்டம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. அண்ணனிடமிருந்த கார்டை வாங்கிப் பார்த்தார், அரிசியைத் தராசில் வைத்துப் பார்த்தார், ரேஷன் கடைக்காரரை அழைத்துவரச் செய்து கேட்டார். எல்லாம் பொருந்தி வந்தது. பூட்டு வேண்டாம் என்றார். கார்டைச் சின்னப்பொண்ணுவிடம் கொடுத்து, வியாபாரி கையில் மற்றவர் கார்டு இருக்கக் கூடாது என்று அண்ணனை எச்சரித்துவிட்டுப் போனார்.

அதோடு சந்தேகம் தீர்ந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். தீரவில்லை. "ஒருத்திக்கு நிக்கறவரு பத்து பேருக்கு நிக்க மாட்டாரா?" என்றார்கள். சின்னப்பொண்ணு ரேஷன் போடும் நாளில் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. அதைப் பொறுக்க முடியாமல் அண்ணன், வாரத்தில் ஒரு நாளாவது ரேஷன் கடையை இருட்டும் வரை திறந்து வைக்க வேண்டும் என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். அதற்கும் ஊரில் ஒரு பேச்சு: "தன் கடைய பொழுதோட மூடுவாராம், ரேஷன் கடைய மட்டும் இருட்ற வரிக்கும் தொறக்கணுமாம். உள்ள இன்னாமோ இருக்குது." சில மாதங்களில் அப்படி ஒரு நாள் திறக்கத்தான் செய்தார்கள். அண்ணன் கேட்டதால்தானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. அண்ணனும் சொல்லிக்கொண்டதில்லை.

ஆணியில் பை மாட்டும் வழக்கத்தை அவர் நிறுத்தவில்லை. ஆனால் தெருவில் இருவர் சேர்ந்து பேசினால், தம்மைப் பற்றித்தானோ என்று திரும்பிப் பார்க்கும் வழக்கம் அவருக்கு வந்துவிட்டது. "இன்னும் நம்பலையா அவுங்க?" என்று என்னிடம் கேட்பார்.

இறுதி நாட்களில் நெஞ்சில் சளி கட்டி மிகவும் தளர்ந்தார். இரவில் பாலாவது குடிக்கும்படி மருத்துவர் சொன்னார். அண்ணி டம்ளரோடு நின்றபோது இருட்டிய சன்னலைப் பார்த்து வேண்டாமென்று தலையை அசைத்தார். ஒரு விடியற்காலையில் அமைதியாகப் பிரிந்தார்.

பொழுது சாயுமுன் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அன்று வேலை நாள். அண்ணனிடம் பை மாட்டியவர்கள் எல்லாரும் ஊரில் இல்லாத நேரம். மாலை பஸ் வரும்வரை வைத்திருக்கலாமா என்று கேட்டேன். "வெச்சிருந்தா மட்டும் வந்துடுவாங்களா? அவுரத்தான் திருடன்னாங்களே" என்றார் உறவினர் ஒருவர். வருவார்கள் என்ற நம்பிக்கை எனக்கும் இல்லை.

உச்சி வெயிலில் வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. வாத்தியார் லீவு போட்டு வந்திருந்தார். லைன்மேன் கம்பத்திலிருந்து இறங்கி இடுப்புக் கயிற்றோடு வந்திருந்தார். அவர்களுக்குப் பின்னால் சின்னப்பொண்ணுவும் அவரோடு நடவு செய்யும் பெண்களும், கழனியிலிருந்து நேராக வந்ததால், ஈரப் புடவையோடு நின்றார்கள். "கூலியப் புடிச்சிக்குவாங்களேம்மா" என்றார் அண்ணி.

"புடிச்சிக்கட்டும்" என்றார் சின்னப்பொண்ணு. "அவுரு பொழுதோட போற ஆளு. வேல முடிச்சி சாயங்காலம் வந்தா அவுரப் பாக்க முடியுமா?"

அண்ணனுக்குச் சிகிச்சை செய்த மருத்துவருக்கும், தோள் கொடுத்த உறவினர்களுக்கும், பகல் வேலையை விட்டுவிட்டு வந்த ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செய்தி தெரியாமல் அன்றும் மாலை பஸ்ஸில் வந்து, மூடிய பலகைகளின் முன் சிலர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனதாக அண்ணி சொன்னார். நான் பார்க்கவில்லை. யார் யார் என்று தெரியாததால் பெயர் குறிப்பிட முடியவில்லை. அவர்களுக்கும் எங்கள் வணக்கம்.