அடுத்த தோட்டத்துக் கிணறு

கீழக்குயில்குடிக்கு அப்பால் என் மாமனார் விட்டுப்போன ஒரு ஏக்கர் நிலம் தரிசாகக் கிடந்தது. மதுரையில் பள்ளி ஆசிரியையாக இருந்துகொண்டே அதில் கொய்யா வைக்க ஆசைப்பட்டது நான்தான். கணவருக்கு அதில் பெரிய அக்கறை இல்லை.

போர் போடுவதற்கு முன், நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி நீரோட்டம் பார்ப்பவரை வரவழைத்தோம். இரும்புக் கம்பிகளை நேர்கோட்டில் அடித்து, வயரால் ஒரு பெட்டியோடு இணைத்தார். கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடித்தால்தான் ஆழத்தில் இருப்பது தெரியுமாம். எங்கள் நிலத்தின் நீளம் போதவில்லை.

பக்கத்துத் தோட்டத்தில் கத்திரி போட்டிருந்த அண்ணனிடம் தயங்கித்தான் கேட்டேன்.

"இதுக்கென்ன டீச்சர், செடிய மிதிக்காம அடிச்சுக்கங்க" என்றார்.

மண் காய்ந்து கிடந்ததால் கம்பி அடித்த இடங்களை நனைக்க வேண்டியிருந்தது. அவரே தன் கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்.

சர்வேக்காரர் காட்டிய இடத்தில் போர் போட்டோம். பாறை வெடிப்பிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது. என்னைவிட அந்த அண்ணனுக்குத்தான் சந்தோஷம். உள்ளங்கையில் பிடித்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பே இல்ல டீச்சர்" என்றார்.

அடுத்த கோடையில் அவர் கிணறு வற்றிவிட்டது. அதற்கு முன் அது வற்றியதே இல்லை.

சர்வேக்காரரைப் போனில் கேட்டேன். "ரெண்டுக்கும் ஒரே வெடிப்பா இருக்கலாம் மேடம். உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். நம் நிலத்தில் நாம் போர் போட்டதில் என்ன தப்பு என்றார் கணவர். அண்ணன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

"மழ பத்தலைல டீச்சர்" என்றார். நல்ல மழை பெய்திருந்தது இருவருக்குமே தெரியும்.

அவர் தோட்டத்துக்கு ஒரு பைப் இழுத்துக் கொடுத்தேன். மோட்டார் அறைச் சாவியையும் கொடுத்தேன். ஆனாலும் தினமும் காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் போன் வரும்.

"டீச்சர், செத்த நேரம் மோட்டார் போட்டுக்கிரட்டுமா?"

"என்னையக் கேக்கவே வேணாம்ணே. எப்ப வேணாலும் போட்டுக்கங்க."

"ஒங்க தண்ணியாச்சே. கேக்காம எப்புடி?"

சரி என்று வைத்துவிடுவேன். இந்த வருஷம் அவர் பாதித் தோட்டத்தில்தான் கத்திரி போட்டிருக்கிறார். எங்கள் கொய்யா காய்க்கத் தொடங்கிவிட்டது.