இல்லாத கால்வருத்தம்

வெள்ளவத்தையில், காலி வீதியோரச் சைவக் கடையொன்றில் ஜீவராஜ் இருபத்திரண்டு வருடமாகத் தோசை சுட்டுவந்தார். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, கொழும்புக்கு வேலை தேடி வந்தவர். வேலை நேரத்தில் அவர் வாயில் ஒருநாளும் சாராயம் மணத்ததில்லை. குடிப்பதெல்லாம் கொட்டாஞ்சேனையிலுள்ள வாடகை அறைக்குப் போன பிறகுதான். சத்தம் போட்டதில்லை, யாரையும் அடித்ததில்லை, ரோட்டில் விழுந்து கிடந்ததுமில்லை. அதனாலேயே அவர் குடிப்பதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

எடுத்தவள் மனைவி சுபாஷினி மட்டும். மகள் நிஷாந்தியைக் கூட்டிக்கொண்டு அவள் தன் ஊரான தலவாக்கலைக்கே போய்விட்டபோது சண்டைகூடப் பிடிக்கவில்லை. "நீங்க இருந்தும் இல்லாத மாதிரிதானே இருக்கீங்க," என்றாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு கால் போத்தல் அரைப் போத்தலானது.

ஐம்பத்தோராவது வயதில் கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, அரசாங்க ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தார். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு வீட்டுச் சாப்பாடு வரும் நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார். ஈரல் கெட்டுப்போயிருந்தது. இனி ஒரு சொட்டும் கூடாது என்றார்கள். அவரும் தலையாட்டினார். ஆனால் வெளியே வந்தால் என்ன செய்வார் என்பது அவருக்கே தெரியும்.

கிளினிக்கில் இருந்த சிங்கள டாக்டர் அம்மா அதைப் புரிந்துகொண்டவர். பெக்லோபென் என்றொரு மாத்திரை எழுதினார். உண்மையில் அது தசை இறுக்கத்துக்கான மருந்து என்றும், முள்ளந்தண்டில் பழுது வந்து கால் விறைத்துப் போகிறவர்களுக்குக் கொடுப்பது என்றும் விளக்கினார். சிலருக்கு அது குடிக்கும் ஆசையையும் குறைக்கிறது, எல்லோருக்கும் இல்லை. குடியை நிறுத்தக் கொடுக்கிற வேறு சில மருந்துகளை அவருடைய ஈரல் தாங்காது. கொஞ்சமாகத் தொடங்கிக் கூட்ட வேண்டும், குடியோடு சேர்க்கக்கூடாது. "நினைத்தபடி நிறுத்திவிடாதே, வலிப்பு வரும்," என்று சிங்களத்தில் இரண்டு தரம் சொன்னார்.

முதல் இரண்டு வாரமும் ஒரே தூக்கம். தோசைக்கல்லுக்கு முன் நின்றபடியே கண் சொருகி, மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டார். முதலாளி அவரைக் கொஞ்ச நாள் மரக்கறி வெட்ட விட்டார். பிறகொரு நாள் பின்னேரம் பஸ்ஸிலிருந்து இறங்கி அறைக்கு வந்து கதவைத் திறந்தபோதுதான், வழக்கமாகச் சாராயம் வாங்கும் வைன் ஸ்டோர்ஸைத் தாண்டி வந்திருப்பது அவருக்கு உறைத்தது. அங்கே திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

சந்தோஷப்பட்டார். அதைச் சொல்ல ஆளில்லை. மாத்திரை ஆசையைத்தான் குறைத்தது, பின்னேரங்களை அல்ல. ஆறு மணிக்கும் தூக்கத்துக்கும் இடையில் இவ்வளவு நேரம் இருக்கிறதென்று அவருக்கு அதுவரை தெரியாது. சட்டையைத் துவைத்தார், துவைத்த சட்டையை மறுபடியும் துவைத்தார்.

அடுத்த வருடம் நாட்டில் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. ஆஸ்பத்திரியில் வெளியே வாங்கச் சொன்னார்கள். கொட்டாஞ்சேனையில் இல்லை, மருதானையில் இல்லை. கையில் இரண்டு மாத்திரை மிஞ்சியிருந்தபோது, வேலைசெய்யும் கடைக்குப் பக்கத்து பார்மசியில் கேட்டார். அதை நடத்தும் பாயிஸ் உதட்டைப் பிதுக்கினார்.

"மூணு கார்ட்தான் ஈக்கி அண்ணே. அதும் டீச்சருக்கு எடுத்து வெச்சது."

டீச்சர் அங்கேயே ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தார். சரோஜினிதேவி, பம்பலப்பிட்டியில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர், தனியாள். எட்டு வருடத்துக்கு முன் முள்ளந்தண்டில் ஒப்பரேஷன் செய்தபிறகு நாலுகால் ஊன்றுகோலில்தான் நடை.

"உமக்கும் காலோ தம்பி?" என்று கேட்டார்.

கடையில் இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள். "ஆமாங்க டீச்சர்," என்றார் ஜீவராஜ்.

டீச்சரின் முகம் மலர்ந்தது. "இவருக்கு ஒரு கார்ட் குடும் பாயிஸ். திடீரெண்டு நிப்பாட்டினா என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியும். நான் குறைச்சுச் சமாளிப்பன்."

ஒரு கார்டில் பத்து மாத்திரை. ஜீவராஜ் நாளுக்கு ஒன்றாகக் குறைத்துப் போட்டார். பழைய ஆசை தலைகாட்டியது. ஆனால் வலிப்பு வரவில்லை, குடிக்கவுமில்லை. பத்தாம் நாள் ஆஸ்பத்திரிக்கு மருந்து வந்தது. மறுநாளே ஒரு கார்டை எடுத்துக்கொண்டு, பாயிஸிடம் விலாசம் கேட்டு, டீச்சர் வீட்டுக்குப் போனார்.

கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் கீழ்த்தள வீடு. டீச்சர் கதவைத் திறக்க நெடுநேரம் ஆனது. நெற்றியில் ஒரு காயம், முழங்கை கறுத்திருந்தது.

"வாரும், வாரும். உமக்கெண்டு ஒண்டு எடுத்து வச்சிருக்கிறன்." கதிரையில் அமர்ந்து, மேசையில் கிடந்த தாளை நீட்டினார். காலுக்கான பயிற்சிகள், படங்களோடு போட்டோக்கொப்பி எடுத்தது. "எட்டு வருஷமா இந்த வருத்தத்தைப் பற்றிக் கதைக்க எனக்கு ஒருத்தரும் இல்லை. கால் இறுகேக்க அது எப்பிடி இருக்குமெண்டு ஆருக்கு விளங்கும்? இரும், காலை நீட்டும் பாப்பம்."

ஜீவராஜ் உட்காரவில்லை. "நெத்தியில என்னங்க?"

"மருந்தைக் குறைச்சதெல்லோ. இறுகி இழுத்துக் கட்டிலாலை விழுந்திட்டன். அதை விடும்."

ஜீவராஜ் தாளைப் பிடித்தபடியே சொன்னார். "எனக்குக் கால்ல ஒண்ணுமில்லீங்க. நான் குடிகாரன். குடிய நிப்பாட்டத்தான் இந்த மருந்து."

டீச்சர் அவருடைய கால்களைப் பார்த்தார்.

"அண்டைக்கு ஏன் பொய் சொன்னனீர்?"

"உண்மையச் சொல்லியிருந்தா குடுத்திருப்பீங்களா?"

டீச்சர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "இல்லை. குடுத்திருக்க மாட்டன்."

ஜீவராஜ் நீட்டிய கார்டை வாங்கி மேசையில் வைத்தார். தாளையும் திருப்பி வாங்கிக்கொண்டார். "கதவைச் சாத்திப்போட்டுப் போம். என்னாலை எழும்ப ஏலாது."

அன்று பின்னேரம் ஜீவராஜ் கால் போத்தல் வாங்கினார். பாதியைக் குடித்தார். மாத்திரையும் உடம்பில் இருந்ததால் அடித்துப் போட்டதுபோல் தூங்கிப்போய், மறுநாள் பத்து மணிக்குத்தான் எழும்பினார். மீதியைக் குழாயடியில் ஊற்றிவிட்டுக் கிளினிக்குக்குப் போய் நடந்ததைச் சொன்னார். டாக்டர் அம்மா ஏசவில்லை. எவ்வளவு குடித்தாய், எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஒரு நாள் குடித்ததற்காகச் சிகிச்சை முறிந்துபோகாது, ஆனால் இரண்டையும் சேர்த்ததில் மூச்சே நின்றிருக்கலாம் என்றார். ஜீவராஜுக்கு அழுகை வந்தது. இவ்வளவு விபரமாக அவரிடம் யாரும் எதையும் கேட்டு வெகுகாலமாகியிருந்தது.

பிறகு அவர் குடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நிஷாந்திக்குப் போன் எடுத்தார். முதலில் ஒரு நிமிஷம் பேசினாள், பின்னர் மூன்று நிமிஷம். சுபாஷினி போனை வாங்கவில்லை.

பதினாலு மாதம் கழித்து, பார்மசி வாசலில் டீச்சரைக் கண்டார். ஒதுங்கி வழிவிட்டார். அவர் தாண்டிப் போகாமல் நின்றார்.

"குடிக்கிறீரோ?" ஆட்களின் காதில் விழும்படியே கேட்டார்.

"இல்லீங்க டீச்சர். மருந்தையும் கொறைச்சுக்கிட்டு வர்றாங்க. இப்ப நாளைக்கு ஒண்ணுதான்."

"மெல்ல மெல்லக் குறையும். அவசரப்படாதையும்."

முச்சக்கர வண்டியில் ஏற்றிவிட ஜீவராஜ் கை நீட்டினார். டீச்சர் வேண்டாமென்று தலையசைத்து, ஊன்றுகோலை முதலில் உள்ளே வைத்து, ஒவ்வொரு காலாகத் தானே தூக்கி ஏறினார். ஜீவராஜ் வேலைக்குத் திரும்பினார். தோசைக்கு ஏழு பேர் காத்திருந்தார்கள்.