மாமா பிணமாக நடித்த படம்

என் தாய்மாமா சினிமாவில் பிணமாக நடித்திருக்கிறார். படத்தில் ஒருவன் வரிசையாகக் கொலை செய்வான். செத்தவர்கள் ஒவ்வொருவராக இன்ஸ்பெக்டர் வீட்டுக் கண்ணாடியில் வந்து நிற்பார்கள். முதலில் சாகிறவர் மாமா. சில விநாடிகள்தான் தெரிவார் என்றாலும், எங்கள் தெருவில் நான் அவரைக் கதாநாயகன் என்றே சொல்லித் திரிந்தேன்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. ராஜபாளையத்தில் இருந்து அய்யனார் கோவில் போகிற வழியில் மாமாவுக்கு மாந்தோப்பு இருந்தது, தோப்புக்குள்ளேயே வீடு. பட்டாளத்தில் இருந்து வந்தவர், பேச்சும் சிரிப்புமாக இருந்தவர். அத்தை இறந்த பிறகு பம்ப்செட் படியில் உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம்தான். அண்ணனும் அவள் பின்னாலேயே போய்விடுவாரோ என்று அம்மாவுக்குப் பயம். தினமும் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோவாள். தோப்பில் இருந்த பூச்சிமருந்து டப்பாக்களை எல்லாம் எடுத்து வந்து எங்கள் வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டாள்.

"மருந்த எங்கட்டி வச்ச?" என்று மாமா ஒருமுறை கேட்டார்.

"பொறவு தாரேண்ணே" என்று அம்மா பேச்சை மாற்றிவிட்டாள்.

அந்தத் தோப்புக்குத்தான் சினிமாக்காரர்கள் வந்தார்கள். பிணமாக நடிக்க வந்த ஆளை எறும்பு விடவில்லை. ஒவ்வொரு டேக்கிலும் துள்ளி எழுந்தார். டைரக்டரின் கண் மாமா மேல் விழுந்தது. காலையில் இருந்து அசையாமல் இருந்தவர் அங்கே அவர் ஒருவர்தான். மத்தியானம் நாங்கள் சோற்றோடு போனபோது மாமாவின் முகத்தில் சிவப்பாக ரத்தம் பூசிக்கொண்டிருந்தார்கள்.

"வேண்டாம்ணே, இது என்ன வெளாட்டு?" என்றாள் அம்மா.

"சும்மா படுத்துக் கெடக்கதுதான. அது எனக்கு வரும்" என்றார் மாமா.

வந்தது. ஒரே டேக்கில் ஓகே. ஆனால் அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பிணமாக நடித்தவர், நடித்தது பலித்துவிடாமல் இருக்க, எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் எடுத்த பிறகுதான் கேமராவை நகர்த்துவார்கள். திருஷ்டி கழிக்கப் பூசணிக்காயும் கற்பூரமும் தயாராக இருந்தன. சிரிப்புதான் கிடைக்கவில்லை. மாமா பல்லைக் காட்டிப் பார்த்தார், உதவி டைரக்டர் ஜோக் சொல்லிப் பார்த்தார்.

"எனக்கு வரல தம்பி" என்று சொல்லிவிட்டு மாமா மறுபடியும் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"செத்த நேரம் சிரிண்ணே, எனக்காக" என்று அம்மா அத்தனை பேர் முன்னாலும் அழுதாள்.

மாமா நிஜமாகவே சாகப்போகிறார் என்று நான் நினைத்துவிட்டேன். அவரை எழுப்ப எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். அத்தை தினமும் காலையில் நாயை அவிழ்த்துவிட்டு, "போ, அவியள எழுப்பு" என்பாள். அது ஓடிப்போய் மாமாவின் முகத்தை நக்கும். ஷூட்டிங்குக்காக அந்த வெள்ளை ராஜபாளையம் நாயை வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள். நான் ஓடிப்போய் அவிழ்த்தேன். அத்தையைப் போலவே சொன்னேன்.

நாய் பாய்ந்த வேகத்தில் லைட் ஸ்டாண்ட் ஒன்று சாய்ந்தது. சினிமா ரத்தம் இனிக்கும் என்பதை எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தது அந்த நாய்தான். மாமாவின் நெற்றி, காது, கழுத்து என்று ஓர் இடம் விடவில்லை. மாமா "ஏ, விடு, விடு" என்று உருண்டார். உருண்டபடியே சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார். யாரோ சட்டென்று பூசணிக்காயை உடைத்தார்கள்.

முதுகில் நாலு விழும் என்று காத்திருந்தேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு இன்னும் பலமாக அழுதாள். மாமா முகம் கழுவி வந்து, "சோறு எங்க?" என்று தானாகக் கேட்டார்.

படம் சில மாதம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூர் தியேட்டருக்கு வந்தது. மாமா செத்துக் கிடந்ததைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரர் உச்சுக்கொட்ட, மாமா முறுக்கு தின்றுகொண்டே அவர் தோளைத் தட்டி, "நாந்தான் அது" என்று சிரித்தார். அம்மா படத்தைப் பார்க்கவே இல்லை. கடைசிவரை மாமாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அம்மா பரணில் இருந்த மருந்து டப்பாக்களை இறக்கித் தூசி தட்டி மாமாவிடம் திருப்பிக் கொடுத்தாள். மாம்பூவில் பூச்சி விழுந்திருக்கும் போல என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.