வெள்ளிக்கிழமைகளில் நின்றுபோன வண்டி

அந்த மோட்டார் சைக்கிளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வலது முழங்கால் வலிக்கிறது. கிக்கரை உதைத்து உதைத்து வந்த வலி. சாமி கும்பிடுகிறவன் வாயில் வரக் கூடாத வார்த்தையெல்லாம் அந்த வண்டியால் என் வாயில் வந்திருக்கிறது. வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். மறுபடி உதைப்பேன். மறுபடியும் வரும்.

எங்கள் வீடு ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், ஆலங்காயத்துக்குப் பக்கத்தில். டீசல் இஞ்சினில் ஓடுகிற மாவு மிஷின் வைத்திருந்தேன். எட்டாவதோடு என் படிப்பு முடிந்தது. ஆனால் இஞ்சின் போடுகிற சத்தத்தை வைத்தே அதற்கு என்ன நோவு என்று சொல்லிவிடலாம் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்பால்தான் போளூரில் ஒரு மாட்டுக் கொட்டகையில் கிடந்த வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாள வண்டியை எடுத்து வந்தேன். ஓட்டி வரவில்லை. பிரித்து, நாலு சாக்கில் கட்டி, பஸ் மேலே போட்டுக் கொண்டுவந்தேன். டேங்கின்மேல் பல வருஷத்துக் கோழி எச்சம். என் மனைவி சாக்குகளைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இன்னாங்க, இது வண்டியா, இல்ல வண்டியோட எலும்பா?"

எலும்பாகத்தான் இருந்தது. ஒன்றரை வருஷம் ஆயிற்று அதை வண்டியாக எழுப்பி நிறுத்த. வாணியம்பாடி பழைய இரும்புக் கடைகளில் தேடாத நாள் இல்லை. லேத் பட்டறைக்காரர் என் தலையைக் கண்டாலே உள்ளே போய்விடுவார். பிஸ்டன் ரிங் வேறு ஏதோ வண்டியுடையது. அளவு சேரும்வரை அரத்தால் தேய்த்தேன். பொறி கொடுக்கிற மேக்னெட்டோவைத் தனியாகக் கழற்றி, அடுப்புப் பக்கத்தில் ஒரு வாரம் வைத்து ஈரம் போக்கினேன். சோற்றுப் பானை வைக்கிற இடத்தில் கிரீஸ் நாற்றம் வருகிறது என்று வீட்டில் மூன்று நாள் பேச்சில்லை.

கடைசியில் ஓர் ஆயுத பூஜை அன்று காலையில், தேங்காய் உடைத்துவிட்டு உதைத்தேன். நாலாவது உதையில் பிடித்துக்கொண்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இது என் கைவேலை இல்லை, மேலே இருக்கிறவன் கொடுத்தது என்று அப்போதே முடிவு செய்தேன். அதிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் பூஜை அறையில் விளக்கேற்றியதும் வண்டிக்கு வருவேன். ஈரத்துணியால் துடைப்பேன். எங்கள் பக்கத்தில் பூஜைக்கு ஒரு துண்டுச் சந்தனக் கட்டை எல்லா வீட்டிலும் இருக்கும். அதைக் கல்லில் கெட்டியாக உரைத்து, ஹேண்டில்பாரில் ஒரு பொட்டு, டேங்க் மூடி நடுவில் கட்டை விரலால் அழுத்தி ஒரு பெரிய பொட்டு, அதன்மேல் குங்குமம். பார்க்க லட்சணமாக இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவிக்கு வேலை வந்தது. அவள் பத்தாவது தேறியவள். மலைமேல் ஒரு சிற்றூரில் சத்துணவு அமைப்பாளர் வேலை. எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் அரசாங்கச் சம்பளம் பார்த்த முதல் ஆள் அவள்தான். அரிசியும் பருப்பும் எண்ணெயும் பூட்டிய அறையில் இருக்கும். சாவி அவளிடம் இருக்கும். சமைக்கிற ஆயாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வரக் கூடாது, அது விதி. அவள் ஒன்பது மணிக்குப் போய்ப் பூட்டைத் திறந்து அளந்து போட்டால்தான் அடுப்பு எரியும். லேட்டானால் பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருக்கும். சாமைக் கஞ்சியைக் காலையில் குடித்துவிட்டு வருகிற பிள்ளைகள். குடிக்காமல் வருகிறதும் உண்டு.

மலைக்கு ஏறுகிற பஸ் பத்து மணிக்குத்தான். ஜீப்போ ஆள் சேராமல் நகராது. "வண்டி எதுக்கு இருக்குது, நான் கொண்டுபோய் விடறேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவன் நான்தான்.

முதல் வாரம் சரியாக ஐந்தாவது மைலில் நின்றது.

ஏற்றம் ஏறி, ஒரு பெரிய வளைவு. வளைவில் புளியமரத்தடியில் ஒரு முனீஸ்வரன் கல். அங்கே வரும்போது வண்டி இருமும், குலுங்கும், பிறகு மூச்சு நின்ற மாதிரி நின்றுவிடும். இறங்கி ப்ளக்கைக் கழற்றித் துடைப்பேன். பொறி விழ வைக்கிற பாயின்டைத் தேய்ப்பேன். டேங்க் மூடியைத் திறந்து, குச்சி விட்டு, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பேன், இருக்கும். மூடுவேன். முனீஸ்வரனுக்குக் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு உதைத்தால், உடனே பிடித்துக்கொள்ளும்! அதற்குமேல் ஊர்வரைக்கும் ஒரு தொந்தரவும் இருக்காது. ஆனால் அரைமணி போயிருக்கும்.

வீட்டுக்கு வந்து கார்புரேட்டரைப் பிரித்தேன். சுத்தம். பெட்ரோல் வருகிற குழாயை ஊதினேன். சுத்தம். டேங்க் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே ஏதாவது துரு மிதக்கிறதா என்று பார்த்தபடியே இஞ்சினை ஓட விட்டேன். ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது. வீட்டில் யோக்கியன், ரோட்டில் அயோக்கியன். இப்படி ஒரு பிறவியை நான் பார்த்ததே இல்லை.

ஒரு புதன்கிழமை ஆலங்காயத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டு, அவரையே ஓட்டச் சொன்னேன். மலை உச்சிவரைக்கும் போய்ப் பீடி பிடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"வண்டி பூ மாதிரி கீதுபா. உனுக்குத்தான் ஓட்டத் தெரில."

"ஓட்டத் தெரியாமத்தான் தினமும் அஞ்சு மைல் போறேனா?"

"அஞ்சு மைல் ஓட்டத் தெரியுது. ஆறாவது மைல் ஓட்டத் தெரில."

இன்னொரு கூத்து. டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டால் சீக்கிரம் நிற்கும். பாதி டேங்க் என்றால் கொஞ்ச தூரம் கூடப் போகும். தீனி போடப் போடப் படுத்துக்கொள்கிற மாட்டை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது? அதிலும் வெள்ளிக்கிழமை வந்தால் நிச்சயம் நிற்கும். சனி, திங்கள் நிற்கும். புதன், வியாழன் வந்தால் ஒழுங்காகப் போகும். இதைக் கவனித்தவனும் நான்தான். கவனித்து நான் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? வெள்ளிக்கிழமை சாமிக்கு உகந்த நாள், அதனால் முனீஸ்வரன் என்னிடம் எதையோ எதிர்பார்க்கிறார் என்று. பூஜையைக் கூட்டினேன். சந்தனத்தையும் கூட்டினேன்.

வளைவில் நான் உதைத்துக்கொண்டிருக்கும்போது, புளி மூட்டையோடு இறங்கி வருகிற மலைக்காரர் ஒருவர் ஒவ்வொரு தடவையும் நின்று வேடிக்கை பார்ப்பார்.

"இன்னா மாவு மிஷினு, இன்னிக்கும் முனீஸ்வரரு புடிச்சிக்கினாரா?"

"புடிச்சிக்கினாரு பெரியவரே."

"கோழி கேக்கறாரு. ஒண்ணு வுட்டுடு. இல்லனா வண்டிய வுட்டுட்டுப் போ, அதுவே பலின்னு எடுத்துக்குவாரு."

நான் கோழி நேர்ந்துகொண்டேன். என் மனைவி பின்னால் நின்று இரண்டு கையாலும் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அவளுக்குச் சிரிக்கிற நேரமில்லை. பல தடவை லேட்டாகப் போய்ப் புகார் மேலே போய்விட்டது. வருகிற வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அதிகாரி நேரில் வருவதாகத் தகவல் வந்தது. அந்த ஊரிலேயே பத்தாவது முடித்த ஒரு பெண் வேலை கேட்டு மனு கொடுத்திருந்தது அவளுக்குத் தெரியும்.

"நான் விடிகாலையிலயே நடந்து போய்டறேங்க" என்றாள் வியாழன் சாயங்காலம்.

"ஒன்பது மைல் ஏத்தத்துல நடப்பியா? நான் இருக்கறேன், வண்டி கீது. டேங்க் ரொப்பிட்டேன். புது ப்ளக்கு போட்டுட்டேன்."

வெள்ளிக்கிழமை காலை தலைக்குக் குளித்து, வண்டிக்கு எல்லாம் செய்து, எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினோம். வளைவுவரைக்கும்கூடப் போகவில்லை. மூன்றாவது மைலிலேயே நின்றது.

நான் இறங்கினேன். ப்ளக் ஸ்பேனரை எடுத்தேன். ப்ளக்கையும் பாயின்டையும் மாற்றி மாற்றிப் பார்த்ததிலேயே அரைமணி போயிற்று. ஸ்பேனர் நழுவி விரல் தோல் உரிந்தது. வண்டியைக் காலால் ஓர் உதை விட்டேன். கிக்கரை இல்லை, வண்டியையே. விட்டுவிட்டு அங்கேயே நின்று, "நான் உனக்கு என்னப்பா குறை வெச்சேன்?" என்று மலையைப் பார்த்துக் கேட்டேன்.

"சாமிய ஏங்க இழுக்கறீங்க?" என்றாள் அவள். குரல் தணிந்துதான் இருந்தது. கண் மட்டும் மணிக்கட்டுக் கடிகாரத்தில் இருந்தது. "அவருக்கு ஜவ்வாது மலையில உங்க வண்டியப் புடிச்சிக்கினு நிக்கறதுதான் வேலையா? சீக்கிரம் பாருங்க."

வழக்கம்போல டேங்க் மூடியைத் திருகினேன். "புஸ்" என்றது.

"அது இன்னா சத்தம்?"

"வெயில்ல பெட்ரோல் ஆவி ஆயிருக்கும். எப்பவும் வர்றதுதான்."

"வெயிலா? காலம்பர நேரத்துல எங்கங்க வெயிலு? தெனமும் இப்படித்தான் சத்தம் வருதா?"

"நிக்கறப்ப எல்லாம் வரும்."

அவள் குனிந்து மூடியைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "உள்ளேருந்து வெளிய ஊதுதா, வெளியேருந்து உள்ள இழுக்குதா?"

எனக்குத் தெரியவில்லை. நூறு தடவை திறந்திருக்கிறேன், தெரியவில்லை.

"எங்களுக்கு எண்ணெய் டின்னு வருதில்ல," என்றாள். "அதுல ஒரே ஓட்டை போட்டா கொஞ்சம் ஊத்தும், அப்புறம் நின்னுடும். டின்னு உள்ளுக்கு இழுத்துக்கும். எதிர்மூலையில இன்னொரு ஓட்டை போட்டா காத்து போயி, எண்ணெ ஒழுங்கா இறங்கும். ஆயாக்கே தெரியும். இதுல பெட்ரோலு கீழ எறங்குதில்ல? காத்து உள்ள போற ஓட்டை எங்க?"

என் மாவு மிஷின் டீசல் டேங்குக்கு மூடியே கிடையாது; ஒரு துணியைப் போட்டு மூடியிருப்பேன். அதனால் இந்தக் கேள்வி எனக்கு என் ஆயுசில் வந்ததில்லை. கையிலிருந்த மூடியைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் நடுவில் ஊசி முனை அளவு ஒரு குழி தெரிந்தது. மேல்பக்கம் அதே இடத்தில் என் கட்டை விரல் வைத்த சந்தனம் இருந்தது, குங்குமத்தோடு.

வெள்ளிக்கிழமை ஈரமாக அப்புவேன், அடைத்துக்கொள்ளும். நாலைந்து நாளில் காய்ந்து, வெடித்து உதிரும். புதன்கிழமை மூச்சு வந்துவிடும். டேங்க் நிறைய இருந்தால் உள்ளே காற்றுக்கு இடம் கொஞ்சம், அதனால் சீக்கிரம் திணறும். நான் வளைவில் மூடியைத் திறந்து குச்சி விட்டதால்தான் அது பிழைத்ததே தவிர, கற்பூரத்தால் இல்லை. எல்லாம் அந்த ஒரு நொடியில் விளங்கிற்று.

அவள் புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். குத்தினேன். சந்தனம் ஒரு சின்ன உருண்டையாக வெளியே வந்தது. மூடியைப் போட்டு உதைத்தேன். அதற்குமேல் ஐந்தாவது மைலையும் தாண்டி ஒரு தும்மல்கூட இல்லாமல் போயிற்று. எனக்கு அழ வேண்டும் போல இருந்தது.

போய்ச் சேரும்போது ஒன்பதே முக்கால். அதிகாரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் பூட்டிய கதவு. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து எங்களைப் பார்த்தன.

"இன்னாம்மா, இதான் ஒம்போது மணியா?"

"தப்புதான் சார்" என்றாள் அவள். ஒரு காரணமும் சொல்லவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. முன்னால் போய், சார், தப்பு என்மேல, டேங்க் மூடியிலே சந்தனம் என்று ஆரம்பித்தேன்.

"நீ யாருய்யா?"

"வூட்டுக்காரர் சார்" என்றாள்.

"உன் சந்தனத்தை நான் ரெஜிஸ்டர்ல எழுத முடியுமா? தள்ளி நில்லு." அவளிடம் திரும்பினார். "இந்த மாசம் பூரா நான் எப்ப வேணா வருவேன். இன்னொரு நாள் இந்தக் கதவு பூட்டிக் கெடந்துச்சு, வேற ஆள் போட்டுடுவேன்."

அவள் பூட்டைத் திறந்து அரிசி அளக்கப் போனாள். நான் தள்ளி நின்றேன். அவர் செய்யாத குற்றத்துக்கு ஒரு மாதமாக முனீஸ்வரன் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தது அப்போது உறைத்தது. இறங்கும்போது கல்லின் முன்னால் விழுந்து மன்னிப்புக் கேட்டேன். நேர்ந்த கோழியையும் பிறகு செலுத்தினேன். அவரிடம் வாக்குக் கொடுத்தது நான். சந்தனப் பொட்டை ஹெட்லைட்டுக்கு மாற்றிவிட்டேன். அதில் குறை வைத்துவிட்டதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

இனிமேல் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் காலை வண்டியைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், அவள் இல்லை. விடியும் முன்பே நடக்கத் தொடங்கிவிட்டாள். விரட்டிக்கொண்டு போய் நாலாவது மைலில் பிடித்தேன். செருப்பு தூசியாகி, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி நடந்துகொண்டிருந்தாள்.

"ஏறும்மே. அதான் கண்டுபுடிச்சாச்சே."

"நீங்க போங்க. நான் வர்றேன்."

"நீயேதானே கண்டுபுடிச்சே!"

"ஒரு ஓட்டையத்தான் கண்டுபுடிச்சேன். அதுல இன்னும் எத்தினி ஓட்டை கீதோ, யாருக்குத் தெரியும்? என் காலு எங்கயும் நிக்காதுங்க."

கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன், ஒன்றும் எடுபடவில்லை. திரும்பி வரவும் மனசு வரவில்லை. அவள் நடக்க நடக்க, பக்கத்திலேயே முதல் கியரில் ஊர்ந்தேன். இப்படி ஆறு நாள். காலையில் எழுந்து, ஓர் ஆள் நடக்கிற வேகத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவனைப் பார்த்து மலைக்காரர்கள் பேசிக்கொண்டதை இங்கே எழுத முடியாது. மெதுவாக ஓட்டி ஓட்டி ப்ளக்கில் கரி பிடித்து, வண்டி புகையாகக் கக்க ஆரம்பித்தது.

ஏழாம் நாள் அவள் நின்றாள். புகையைப் பார்த்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இப்டியே ஊர்ந்துகினு வந்தா அந்தப் ப்ளக்கும் போய்டும்" என்றாள். "அப்புறம் அதைக் கழட்டி வெச்சிக்கினு வாசல்ல உக்காந்துடுவீங்க, மிஷினத் தொறக்க மாட்டீங்க."

பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஏழரை ஆவுது. ஓட்டுங்க. நின்னா எறங்கி நடந்துடுவேன், சொல்லிட்டேன்."

அன்றைக்கு ஆயா வருவதற்கு முன்பே கதவு திறந்திருந்தது.