கோப்பிக் காலத்துக் கனமான சொற்கள்

இன்று காலை வேலியடியில் ஒரு சண்டை. ஒரு வீட்டுக் கோழி அடுத்த வீட்டுக் கீரைப் பாத்தியில் இறங்கிவிட்டது. "ஒங்க கோழிக்கு என் கீரையில என்ன வேல?" என்றாள் ஒருத்தி. "வேலி போட வக்கில்ல, கோழியக் கொற சொல்ல வந்துட்டா," என்றாள் மற்றவள். அதற்கு மேல் கனமாக ஒரு சொல்லும் வரவில்லை. தேத்தண்ணிக் கோப்பையோடு சன்னலில் நின்ற எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. கோப்பிக் காலத்துக் கண்டியாக இருந்தால் இரண்டாவது பேச்சிலேயே 'டிரெஸ்பாஸ்' வந்து விழுந்திருக்கும், மூன்றாவதில் 'டேமேஜ்'. கோழிகூடக் கொஞ்சம் மரியாதையாக நின்று கேட்டிருக்கும்.

நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அப்போது கண்டியில் வழக்கென்று கோட்டுக்குப் போகாத மனிதரைக் காண்பது அரிது. காடெல்லாம் அழிந்து கோப்பித் தோட்டமாகிக்கொண்டிருந்ததால் எல்லை வழக்கு, மாட்டு வழக்கு, கோப்பி களவு என்று ஏதாவது ஒன்று எல்லோருக்கும் இருந்தது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து கொஞ்சம் இங்கிலீசும் ஒரு குடையுமாக வந்து, கோட்டு வாசல் மரத்தடியில் ஒரு மேசையும் கதிரையும் போட்டுப் பெட்டிசம், அதாவது மனு, எழுத உட்கார்ந்தேன். மழை நாளில் நனைந்த மாட்டு வாடை அடித்தால் இப்போதும் எனக்கு அந்த மேசைதான் நினைவுக்கு வரும். கோப்பி மூட்டை வண்டிகள் அதை உரசிக்கொண்டுதான் போகும்.

என்னிடம் வந்தவர்கள் நியாயம் கேட்டு வரவில்லை, சொல் வாங்க வந்தார்கள். காணி வழக்குக்கு 'மோர்ட்கேஜ்', 'பவுண்டரி' என்று தொந்தி வைத்த சொற்கள். அடிதடிக்கு 'வில்ஃபுல்லி', 'மலீஷியஸ்லி' என்று மீசை முறுக்கிய சொற்கள். தோட்டத்து ஆள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால் 'டெசர்ஷன்'. அந்த ஒன்றை மட்டும் எழுத எனக்குப் பிடிக்காது. அதைக் கேட்ட எந்தக் கூலியின் முகமும் பிறகு நிமிர்ந்ததில்லை.

எழுதி முடித்ததும் நான் எழுந்து நின்று இங்கிலீசில் உரக்க வாசிக்க வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். வழியில் போகிறவர்கள் கூடிவிடுவார்கள். ஒருவருக்கும் ஒரு சொல் விளங்காது. கூட்டம் வாயைப் பிளந்தால் பெட்டிசம் நல்ல பெட்டிசம். பிளக்காவிட்டால், "இன்னும் ரெண்டு சொல்லுப் போடுங்கய்யா" என்று காகிதத்தைத் திருப்பித் தருவார்கள். புளி போதாது என்று குழம்பைத் திருப்பி அனுப்புகிற மாதிரி.

ஒரு நாள் காலை கருப்பையாக் கங்காணி வந்தார். கங்காணி வேலையை விட்டுவிட்டுத் திகனைப் பக்கம் சொந்தமாக ஒரு சின்னக் கோப்பித் தோட்டம் வைத்திருந்தவர். ஒரு வண்டி மாடு உள்ளே புகுந்து கோப்பிக் கன்றுகளைத் தின்றுவிட்டதாம். பிடித்துக் கட்டி வைத்திருக்கிறார்.

"நல்லா கனமா எழுதுங்கய்யா. கோட்டுத் தொர படிச்சா அவருக்கே வேர்க்கணும்."

கனமாகத்தான் எழுதினேன். மாடு வில்ஃபுல்லி, மலீஷியஸ்லி வந்து டிரெஸ்பாஸ் செய்தது என்றேன்; வேண்டுமென்றே, வன்மம் வைத்து அத்துமீறியதாம். கூட்டம் வாயைப் பிளந்தது.

மத்தியானம் மாட்டுக்காரி வந்தாள். திகனையைச் சேர்ந்த சித்தி உம்மா. கணவர் இறந்த பிறகு அவருடைய வண்டியைத் தானே நடத்திக் கோப்பி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவள். இருந்ததே ஒரு சோடி. அதில் ஒன்று கங்காணியின் மரத்தில் கட்டுண்டு நின்றது. ஒற்றை மாட்டோடு வண்டி எங்கே போகும்? கோப்பி இறங்குகிற பருவம் வேறு. அதைத் தவறவிட்டால் வருடம் முழுவதும் அடுப்பு எரியாது.

"அந்தாளுக்கு எழுதின சொல்லெல்லாம் எனக்கும் வேணும். ஒண்டும் கொறையப்படாது," என்றாள்.

"உம்மா, அது மாட்டைக் குற்றம் சொல்லி எழுதின சொல்லெல்லோ?"

"அப்ப அத அந்த மனுசனுக்குப் போடுங்க."

இரு தரப்புக்கும் ஒரே ஆள் எழுதக்கூடாது என்று அதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆகவே, கங்காணி வில்ஃபுல்லி, மலீஷியஸ்லி மாட்டைப் பிடித்துக் கட்டினார் என்று எழுதினேன். அவளுக்கு அதுவும் போதவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காணி வழக்கில் 'இன்டெஸ்டேட்' என்று ஒரு சொல்லால் வென்றாராம், அதுவும் வேண்டுமாம்.

"அது மரணசாதனம், உயில் ஒண்டும் எழுதாமச் செத்தவைக்குச் சொல்லுறது. மாட்டு வழக்குக்கு என்னத்துக்கு?"

"என்ட மனுசன் அப்பிடித்தான் மவுத்தானார். போடுங்க."

போட்டேன். என் புருசன் இன்டெஸ்டேட், அவர் விட்ட மாடு இது என்று கடைசி வரியில் செருகினேன். வாசித்தபோது கூட்டம் அந்த இடத்தில்தான் அதிகம் தலையாட்டியது.

விசாரணையன்று வெள்ளைக்கார நீதவான் துரை இரண்டு காகிதங்களையும் இரு கையிலும் தூக்கிப் பிடித்தார். "இந்த ஊரில் எல்லோருக்கும் ஒரே கையெழுத்தா?" என்று கேட்டார். கோட்டில் மொழிபெயர்க்கிற முதலியார் அதைத் தமிழில் சொன்னபோது, நான் மாட்டிக்கொண்டதில் அந்த முதலியாருக்கு வந்த ஆனந்தத்தை நான் மறக்கவில்லை. நான் எழுந்து நின்றேன்.

"இதில் யார் வில்ஃபுல்லி? மாடா, கங்காணியா?"

"ரெண்டு பெட்டிசத்திலும் எழுதியிருக்கிறபடிதான் துரையவர்களே," என்றேன். கோட்டே சிரித்தது. துரையும் கொஞ்சம்.

சிரிக்காதவர் கங்காணி மட்டும்தான். "தொரைகளே, இது இந்தம்மா மாடே இல்லீங்க. செத்துப்போன இவங்க புருசன் மாடு. இவங்க எப்புடிக் கேக்க முடியும்?" என்றார்.

சிரிப்பு நின்றது. சித்தி உம்மா என்னைப் பார்த்தாள். மாடு போய்விட்டது என்றே நினைத்தேன். துரை பெட்டிசத்தை மறுபடியும் வாசித்தார். கடைசி வரியில் அவர் விரல் நின்றது. பிள்ளை குட்டி உண்டா, கணவரின் உறவு யாரும் உண்டா என்று கேட்டார்.

"ஒத்தருமில்ல. நானும் ரெண்டு மாடும்தான்."

"கங்காணி, அது இங்கேயே எழுதியிருக்கிறதே. உயிலும் இல்லை, வேறு வாரிசும் இல்லை, மாடு இவளுக்குத்தான்," என்றார் துரை. மாட்டை அவிழ்த்துவிடச் சொன்னார். தின்ற கன்றுகளுக்காகக் கங்காணியின் மூட்டைகளை அவள் ஒரு நடை சும்மா ஏற்றிக் கொடுக்க வேண்டும். வழக்கு முடிந்தது.

வெளியே அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தீங்களா, நான் கேட்ட சொல்லுத்தான் வெண்டது. அவர் எனக்கு உட்டுட்டுப் போன சொல்லு." சும்மா சொல்லக்கூடாது, எந்த வழக்கிலும் எனக்கு அவ்வளவு சந்தோசம் வந்ததில்லை.

அன்று முதல் அந்த மாட்டுக்குப் பெயர் இன்டெஸ்டேட். கோட்டு வாசலால் வண்டி போகும்போது, "ஏய் இன்டெஸ்டேட்டு, நட!" என்று சத்தம் போடுவாள். உள்ளே வழக்குப் பேசிக்கொண்டிருக்கும் பிரக்கிராசிமார் ஒரு கணம் தடுமாறுவார்கள்.

பிறகு இலையில் நோய் விழுந்து கோப்பி செத்தது. கங்காணியின் தோட்டத்தில் இப்போது தேயிலை. பெட்டிசத்துக்கு அச்சடித்த தாள் வந்துவிட்டது, யாரும் எழுந்து நின்று வாசிப்பதில்லை. மாடுகள் போயின, வண்டியும் போயிற்று. போன மாரியில் சித்தி உம்மாவும் மவுத்தானாள், தன் மனுசனைப் போலவே மரணசாதனம் எழுதாமல். அந்தச் சொல்லைப் போட்டு எழுதித் தரச் சொல்லி என்னிடம் யாரும் வரவில்லை. வாரிசென்று வந்து கேட்பதற்கு அவள் விட்டுப்போனது ஒன்றும் இருக்கவில்லை.

இன்று காலை அந்தக் கோழி எங்கள் முற்றத்துக்கும் வந்தது. "ஏய் இன்டெஸ்டேட்டு, நட!" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன். வேலியடியில் இரண்டு பெண்களும் சண்டையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். கோழி அசையவில்லை.